கொட்டாவியில் தொடங்கும் தலைவலி

காலையில் வேலைக்குப் போகிற பஸ் ரெட்டிச்சாவடி வருவதற்குள் நாலைந்து கொட்டாவி வந்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் எனக்குத் தலைவலி உறுதி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 11 வருஷம் ஆயிற்று.

வீடு கடலூர் புதுப்பாளையம். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர் ஊராக நின்று போகும். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தால் பாலம் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். போன வருஷம் ஒரு நாள் தூங்கித் தூங்கி முதலியார்பேட்டையே தெரியாமல் போய்விட்டது. "அக்கா, பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சி, எறங்குங்க" என்று கண்டக்டர் தம்பி சீட்டுக் கம்பியைத் தட்டி எழுப்பினார். பஸ்ஸில் வேறு யாருமே இல்லை. அன்றைக்கு இறங்கும்போதே இடது புருவத்துக்கு மேலே துடிப்பு ஆரம்பித்திருந்தது. மத்தியானம் கடையில் வாந்தி எடுத்தேன்.

அதுவரை எனக்கு இரண்டு தொந்தரவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று தலைவலி. இன்னொன்று இந்தப் பகல் தூக்கம். தலைவலிக்கு மாத்திரை இருக்கிறது, தூக்கத்துக்கு வசவுதான் இருக்கிறது. "எப்பப் பாரு தூங்கி வழியுற" என்று அம்மா வீட்டிலும் சொன்னார்கள், அத்தையும் சொன்னார்கள், கடை முதலாளியும் ஒரு தடவை சொன்னார். நானே அதை நம்பிவிட்டேன் என்பதுதான் கஷ்டம். சுறுசுறுப்பு இல்லாதவள் என்று என்னைப் பற்றி நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். இரண்டும் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி என்கிற ஒரே நோயின் இரண்டு முகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒற்றைத் தலைவலி என்ற பெயரே கொஞ்சம் திசை திருப்பிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் வலிக்கும் என்றில்லை, எனக்கே சில சமயம் இரண்டு பக்கமும் வரும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாடி துடிக்கிற மாதிரி வலி, படி ஏறினால் கூடுகிற வலி, வயிற்றைப் புரட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. எனக்கு வாசனையும் சேர்ந்துகொள்ளும். பண்ருட்டிப் பலாப்பழம் வருகிற மாதங்களில் பஸ்ஸில் யாராவது ஒரு பழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சாதாரண நாளில் நாக்கில் எச்சில் ஊறும், தலைவலி நாளில் நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன்.

வீட்டு வைத்தியம் எதையும் விட்டுவைக்கவில்லை. சுக்கை உரசிப் பத்து போட்டேன், நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் குழைத்து நெற்றியில் தடவினேன், அமிர்தாஞ்சன் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைத்தேன். பத்து போட்ட நேரத்துக்கு இதமாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் அது திரும்ப வந்து நிற்கும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூங்கிப் போன அந்த வாரம்தான் புதுச்சேரியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். நடுவயது அம்மா. நான் வலியைப் பற்றி ஒரு பாட்டு பாடி முடித்ததும் கேட்டார்: "சரிம்மா. ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"அது அவருக்கு என்ன ஷிப்டுங்கிறதப் பொறுத்தது டாக்டர்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2, பி ஷிப்ட் 2 முதல் 10, சி ஷிப்ட் ராத்திரி 10 முதல் காலை 6. வாரம் ஒன்று மாறும். ஏ ஷிப்ட் வாரத்தில் நான் 3.45க்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, டப்பா கட்டிக் கொடுத்து அனுப்புவேன். பி ஷிப்ட் வாரத்தில் அவர் வீட்டுக்கு வர 10.45 ஆகும், சுடச்சுட நாலு தோசை ஊற்றிக் கொடுத்து, பாத்திரம் கழுவிப் படுக்க 12 ஆகிவிடும். காலையில் பிள்ளைகளுக்காக 5.30க்கு எழ வேண்டும். ஷிப்டுக்குப் போவது அவர், ஆனால் 11 வருஷமாக வீட்டில் ஷிப்ட் பார்த்தது நானும்தான். இதை இப்படி ஒரு வாக்கியமாக நான் அதற்கு முன்னால் சொல்லிப் பார்த்ததே இல்லை.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 8 கேள்வி. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணம் செய்யும்போது, மத்தியானம் படுத்தால், ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டு அமைதியாக உட்கார்ந்தால், வண்டி சிக்னலில் சில நிமிஷம் நின்றால், இதிலெல்லாம் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் தான் வேலை பார்த்த எப்வொர்த் மருத்துவமனையின் பெயரை வைத்து 1991இல் வெளியிட்ட அளவுகோல் இது. மொத்தம் 24. 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று பொருள். எனக்கு 15 வந்தது. வண்டிப் பயணத்துக்கு யோசிக்காமல் 3 போட்டேன். ஒருவரோடு பேசும்போது என்ற கேள்வியில் கை நின்றது. பெரிய பெண் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பாதியில் கண்ணை மூடிவிட்டு, "அம்மா, நீ கேக்கவே இல்ல" என்று அவள் எழுந்து போனது ஞாபகம் வந்தது. 2 போட்டேன்.

அப்புறம், "ரெண்டு மாசம் காலண்டர்ல குறிச்சுட்டு வாங்க. தலைவலி வந்த நாளு, மாத்திர போட்ட நாளு, படுத்த நேரம், எந்திரிச்ச நேரம். அவ்வளவுதான்" என்றார்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் அவர் ஏற்கனவே நீல மையில் ஏ, பி, சி என்று எழுதி வைத்திருப்பார். நான் அதே கட்டத்தில் தலைவலி நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். இரண்டு மாதம் முடிந்ததும் அடுப்படிச் சுவரில் பார்த்துக்கொண்டே நின்றேன். சி வாரங்களில் வட்டம் கிட்டத்தட்ட இல்லை. அவர் 9.15க்குக் கிளம்பிவிடுவார், நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு 10 மணிக்குப் படுத்தால் காலை வரை தூக்கம்தான். பி வாரத்தில் இரண்டு வட்டம். பி முடிந்து ஏ தொடங்குகிற திங்கள், செவ்வாய், புதனில் வட்டத்தின் மேல் வட்டம். ஞாயிறு ராத்திரி 10 மணிக்குப் படுத்தாலும் பழக்கத்தில் 12 வரை தூக்கம் வராது, 3.45க்கு அலாரம் அடிக்கும். எங்கள் வீட்டு ஷிப்ட் ஏ, சி, பி என்று பின்னோக்கிச் சுற்றுகிறது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும், பின்னோக்கிச் சுற்றுவதுதான் கடினம் என்று டாக்டர் சொன்னார். ஷிப்ட் போடுவது நம் கையில் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் உடம்பு 11 வருஷமாக ஒழுங்காகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, கணக்கு எழுதுகிற நான் அதைப் படிக்கவில்லை.

இதில் எது காரணம், எது விளைவு என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஓடுகிற பாதை அது. தூக்கம் கெட்டால் தலைவலி வருகிறது, தலைவலி வந்த ராத்திரி தூக்கம் கெடுகிறது, மறுநாள் பகலில் தூக்கம் தள்ளுகிறது. மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. தூக்கம், விழிப்பு, பசி, உடம்புச் சூடு எல்லாவற்றுக்கும் அங்கேதான் முறை வைக்கப்படுகிறது. 2016இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் ஒரே ஒரு மைக்ரேன் நோயாளியை 30 நாள் தினமும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அந்த மாதத்தில் மூன்று தடவை தலைவலி வந்தது. வலி தொடங்குவதற்கு முந்தின நாளே ஹைப்போதாலமஸின் செயல்பாடு மாறியிருந்தது. கொட்டாவி, அசதி, இனிப்பு தின்ன ஆசை, கழுத்து இறுக்கம் இதெல்லாம் வலிக்கு முன்னால் ஒரு நாள், இரண்டு நாள் கூட வருவது இதனால்தான் என்று நினைக்கிறார்கள். அதாவது என் கொட்டாவி சோம்பேறித்தனம் இல்லை. மைக்ரேன் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது, வலிதான் இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் படித்தேன், அது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. சாயங்காலமே தூங்கி விடியற்காலைக்கு ரொம்ப முன்பே எழுந்துவிடுகிற பழக்கம் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். அப்படிப்பட்ட குடும்பங்களில் மைக்ரேனும் இருப்பதைக் கவனித்து, உடம்புக் கடிகாரத்தை நடத்துகிற ஒரு மரபணுவில் உள்ள மாற்றம் இரண்டுக்குமே காரணமாக இருக்கலாம் என்று 2013இல் ஆய்வு வந்தது. தூக்கமும் தலைவலியும் பக்கத்துப் பக்கத்து வீடு என்று நினைத்தேன், ஒரே வீட்டின் இரண்டு அறை போலிருக்கிறது.

சரி, பகல் தூக்கத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காபி. கடையில் 11 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து 7 மணிக்கு டம்ளர் நிறைய ஸ்டிராங்காக ஒன்று. காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 7 மணிக் காபி நள்ளிரவில்கூட பாதி அளவுக்கு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? இப்போது காலையில் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, அதோடு சரி. ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அதற்கே ஒரு தலைவலி வரும். நான் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் ஒரு பொறி. வாரம் முழுக்கப் பாக்கி வைத்த தூக்கத்தை ஒரே நாளில் தீர்க்கப் பார்ப்போம். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு 2 மணிக்குப் படுத்து 5.30க்கு எழுந்தால் தலை கல் மாதிரி இருக்கும். தூக்கம் குறைந்தாலும் தலைவலி, கூடினாலும் தலைவலி. மைக்ரேன் உள்ள மூளைக்கு மாறுதலே ஆகாது, தினமும் ஒரே நேரம் வேண்டும் என்கிறது. ரொம்ப முடியாவிட்டால் 20 நிமிஷம் அலாரம் வைத்துப் படுக்கலாம் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார், அதுவும் 3 மணிக்குள்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஞாபகம். 2011 டிசம்பர் 30 தானே புயல் எங்கள் ஊரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 7 மணிக்கெல்லாம் ஊரே கும்மிருட்டு. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு 8 மணிக்குப் படுத்துவிடுவோம், கொசுவோடு கொசுவாகத் தூங்குவோம், வெளிச்சம் வந்ததும் எழுவோம். தண்ணீருக்கு அலைந்த நாட்கள் அவை, நிம்மதி என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் தலைவலி என்று படுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஞாபகத்தை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். காலண்டர் வட்டங்களைப் பார்த்த அன்றைக்கு இது தானாக மனசில் வந்து நின்றது.

மாத்திரை விஷயத்தைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அதில்தான் பெரிய தப்பு செய்திருந்தேன். வலி வருமோ என்ற பயத்திலேயே மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போட்டேன். காலண்டரில் குறித்த முதல் மாதம் 17 நாள் மாத்திரை. பாரசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையையோ இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தலைவலிக்காரர்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போடாவிட்டாலும் பரவாயில்லை, மாத்திரை நாளையாவது எண்ணுங்கள்.

தலைவலி வராமல் தடுக்கக் கொடுக்கிற சில மருந்துகள் தாமே தூக்கத்தைக் கொண்டுவரும். அமிட்ரிப்டிலின், ஃப்ளுனரிசின் இரண்டும் அப்படித்தான், ஃப்ளுனரிசினில் எடையும் கூடலாம். ப்ரொப்ரனோலால் சிலருக்கு அசதியும் கெட்ட கனவும் கொடுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார்கள். படுக்கும்போது என்று நானாக நினைத்து பி வாரத்தில் 12 மணிக்குப் போட்டேன், மறுநாள் பஸ்ஸில் மறுபடியும் பஸ் ஸ்டாண்டு வரை போகப் பார்த்தேன். டாக்டரிடம் போன் செய்து கேட்டதும், "ராத்திரி 8 மணிக்கே போட்டுடுங்க" என்றார். மூன்றாம் நாளே காலை மந்தம் குறைந்தது. மருந்தை நிறுத்துவதற்கு முன்னால் நேரத்தைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லாயிருந்தது என்று அதே மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

பகல் தூக்கம் எல்லாமே மைக்ரேன் தூக்கமும் இல்லை. என் அண்ணனுக்கும் காலையில் எழும்போதே தலைவலி. அவருக்கு இரண்டு பக்கமும் அழுத்துகிற மாதிரி இருக்கும், வாந்தி இல்லை, டீ குடித்துக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ராத்திரி அவர் விடுகிற குறட்டை தெருமுனை வரை கேட்கும், நடுவில் மூச்சு நின்று நின்று வரும் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு வைத்தியம் வேறு. திடீரென்று இடி விழுந்த மாதிரி வருகிற தலைவலி, கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, 50 வயதுக்கு மேல் புதிதாக வருகிற தலைவலி, இதற்கெல்லாம் காலண்டர் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு மருந்தை விடக் கஷ்டமாக இருந்தது வீட்டில் பேசுவதுதான். அமெரிக்காவில் வட கரோலினாவில் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி உள்ள 43 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்குத் தூக்க ஒழுங்கை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள்: தினமும் ஒரே நேரத்தில் படுத்து 8 மணி நேரம் படுக்கையில் இருப்பது, படுக்கையில் டிவியும் படிப்பும் கூடாது, ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே முடிப்பது, பகல் தூக்கம் கூடாது, இந்த மாதிரி. அவர்களுக்குத் தலைவலி நாட்கள் நன்றாகக் குறைந்தன. படிக்க எளிது. நம் வீடுகளில் மருமகள் ராத்திரி 10 மணிக்குப் போய்ப் படுத்துக்கொள்வது எளிதா?

ஒரு சி வாரத்துச் சாயங்காலம் அவர் கிளம்புவதற்கு முன் காலண்டரைக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏ எழுதின கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நான் போட்ட ஏ எல்லாத்துலயும் நீ வட்டம் போட்டிருக்கியே" என்றார். அப்புறம், "காலைல கேன்டீன்ல சாப்டுக்குறேன். மத்தியானம் ரெண்டரைக்கு வீட்டுக்கே வந்துடுறேன், எதுக்கு நீ நாலு மணிக்கு எந்திரிக்கணும்?" என்றார். 11 வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பி வாரத்துக்குச் சப்பாத்தியும் குருமாவும் ஹாட் பாக்ஸில் வைத்து மூடிவிட்டு நான் 10 மணிக்குப் படுத்துவிடுகிறேன், அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. "புருஷன் வேலைக்குக் கெளம்பறப்ப பொண்டாட்டி தூங்கறதா, எங்க காலத்துல இப்படியா" என்று இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள். நான் கோபப்படவில்லை, ஏனென்றால் அவர்களும் மாமாவுக்காக முப்பது வருஷம் அப்படி எழுந்தவர்கள்தான். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்கள்: "எனக்கும் இந்த மண்டையிடி இருந்துச்சு. வயசானப்புறம் போயிடுச்சு. யாருகிட்ட சொல்றது?" நான் கீரைத்தட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

இப்போது ஆறாவது மாதம். முதல் மாதம் 13 வட்டம், போன மாதம் 6. மாத்திரை நாள் 17லிருந்து 5. எப்வொர்த் தாளில் 15 இருந்தது 8 ஆகியிருக்கிறது. கத்திரி வெயிலில் புழுக்கம் தாங்காமல் மூன்று ராத்திரி தூக்கம் போனபோது இரண்டு வட்டம் விழுந்தது, பெரிய பெண்ணின் பரீட்சை வாரத்தில் ஒன்று. மற்றபடி 10 மணி, 5.30 மணி, ஞாயிறு உட்பட. பஸ்ஸில் கொட்டாவி வந்தால் பயப்படுவதில்லை, தண்ணீர் குடிக்கிறேன், கையில் இருக்கிற சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், வலி தொடங்கியதும் தாமதிக்காமல் போட்டுவிடுகிறேன்.

இந்த வாரம் ஏ ஷிப்ட். இன்றைக்குக் காலையில் அடுப்படியில் லைட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது, அவர் டீ போடுகிறார். பழக்கதோஷத்தில் கால் கீழே இறங்கப் பார்த்தது. "படு, படு" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. போர்வையை இழுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் டாக்டரிடம் போகும்போது கிழித்த காலண்டர் தாள்கள் ஆறையும் சுருட்டி எடுத்துப் போகப் போகிறேன், 10 மில்லிகிராமைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும்.